காருக்கு 'ஃபுல் கவர்' இருக்கிறது, ஆஸ்பத்திரி பில்லை யார் கட்டுவார்கள்?

நீங்கள் எழுதியதை ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா பாருங்கள். நேற்று இரவு எண்ணூர் விரைவுச் சாலையில் அப்பா கார் ஓட்டி வந்திருக்கிறார், பக்கத்தில் அம்மா. ஒரு கன்டெய்னர் டிரெய்லர் வலது பக்கம் ஒடித்ததில் கார் மீடியனோடு நசுங்கிவிட்டது. அப்பாவுக்குத் தொடை எலும்பு முறிவு, அம்மாவுக்கு மணிக்கட்டு. கார்தான் குறுக்கே வந்தது என்கிறார் லாரி டிரைவர். இருவரையும் தண்டையார்பேட்டை பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறீர்கள், ஆபரேஷனுக்கு அட்வான்ஸ் கேட்கிறார்கள். கார் இன்சூரன்ஸ் ஏஜென்ட் "மெடிக்கல் பில் எல்லாம் இதில் வராது" என்கிறார். வார்டு வாசலில் வந்து நின்ற ஒருவர் "முழுப் பணத்தையும் கார் இன்சூரன்ஸில் வாங்கித் தருகிறேன், உங்கள் ஹெல்த் இன்சூரன்ஸைத் தொடாதீர்கள், இங்கே ஒரு கையெழுத்து போடுங்கள்" என்கிறார். யார் சொல்வது உண்மை என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குக் கேட்கிற கேள்வி இன்னும் நேரடியானது: இன்று கட்ட வேண்டிய பணத்துக்கு கார் இன்சூரன்ஸை நம்பலாமா, கூடாதா?

இன்றைய பணத்துக்கு நம்பக் கூடாது. பின்னால் வரும் பணத்துக்கு நம்பலாம், ஆனால் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வெவ்வேறு விதமாக. நான் ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனத்தின் மோட்டார் கிளெய்ம் பிரிவில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். துறைமுகத்துக்குப் போகிற வருகிற லாரிகளின் விபத்து ஃபைல்கள்தான் என் மேஜையில் அதிகம் இருக்கும். வழக்கறிஞர் அல்ல. அதனால் நீதிமன்றத்தில் எப்படி வாதாட வேண்டும் என்பதற்குள் போக மாட்டேன். பணம் எந்த வழியில் வரும், எந்த வழியில் வராது, எந்தக் காகிதம் இல்லாமல் நின்றுவிடும் என்பது தெரியும். அடுத்த இரண்டு பத்திகளை இப்போதே படித்துவிட்டுக் கவுன்டருக்குப் போங்கள். மீதியை இரவு உட்கார்ந்து படிக்கலாம்.

முதலில், நேரம். தமிழ்நாடு அரசின் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்தில், பட்டியலில் உள்ள 81 வகைச் சிகிச்சைகளுக்கு அரசே பணம் கட்டும். தொடக்கத்தில் ஒருவருக்கு 1 லட்சம் ரூபாய் வரை என்று இருந்தது, பிறகு 2 லட்சமாக உயர்த்தினார்கள். வருமான வரம்பு கிடையாது, ரேஷன் கார்டு எந்த மாநிலத்தது என்று பார்ப்பதில்லை, தவறு யார் மீது என்றும் கேட்பதில்லை. விபத்து தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்திருக்க வேண்டும், மருத்துவமனை அந்தத் திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கவுன்டரில் "நீங்கள் 48 திட்டத்தில் இருக்கிறீர்களா, இரண்டு பேரையும் அதில் பதிவு செய்தீர்களா" என்று இதே வார்த்தைகளில் கேளுங்கள். இதைத் தவிர, மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த ரொக்கமில்லாச் சிகிச்சைத் திட்டமும் இருக்கிறது. விபத்து நாளிலிருந்து 7 நாள் வரை, ஒருவருக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை, திட்டத்தில் உள்ள மருத்துவமனைகளில். அதையும் சேர்த்துக் கேளுங்கள். உங்கள் மருத்துவமனை எந்தப் பட்டியலிலும் இல்லை என்றால், டாக்டரிடம் இரண்டு பேரையும் மாற்றலாமா என்று கேட்டு, அவர் சரி என்றால் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கோ பட்டியலில் உள்ள வேறு மருத்துவமனைக்கோ மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள். அரசு மருத்துவமனை என்று தயங்க வேண்டாம். ஸ்டான்லியின் கை அறுவைச் சிகிச்சைத் துறை நாடு முழுக்கப் பெயர் பெற்றது. அம்மாவின் மணிக்கட்டை அங்கே காட்டுவது குறைவான ஏற்பாடு ஆகாது.

இரண்டாவது, ஹெல்த் இன்சூரன்ஸ். உங்கள் குடும்பத்துக்கு 5 லட்சத்துக்கு ஒன்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை இன்றே பயன்படுத்துங்கள். புதிதாக எடுத்த பாலிசி என்றால்கூட, முதல் 30 நாள் காத்திருப்பு என்பது நோய்களுக்குத்தான், விபத்துக்குக் கிடையாது. அவசரமாகச் சேர்த்தால் 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லச் சொல்லிப் பெரும்பாலான பாலிசிகள் கேட்கும். அதனால் தாமதிக்காமல் மருத்துவமனையின் இன்சூரன்ஸ் டெஸ்கில் முன் அனுமதிப் படிவத்தைக் கொடுத்துவிடுங்கள். அறை எடுக்கும்போது பாலிசியில் ரூம் வாடகைக்கு வரம்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வரம்புக்கு மேல் அறை எடுத்தால் வாடகை வித்தியாசத்தோடு நிற்காது, டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் எல்லாவற்றிலும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். 'ஹெல்த் இன்சூரன்ஸைத் தொட்டால் கேஸில் பணம் வராது' என்று வாசலில் நிற்பவர் சொல்வதைக் கேட்டு அட்வான்ஸுக்கு நகையை அடகு வைத்த குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பதைக் கீழே சொல்கிறேன். அதற்காக இன்று கடன் வாங்க வேண்டியதில்லை.

இனி கார் இன்சூரன்ஸுக்கு வருவோம். இங்கே பெரிய குழப்பமே 'ஃபுல் கவர்' என்ற பேச்சு வழக்கில் இருக்கிறது. நம் நாட்டுக் கார் பாலிசியில் மூன்று தனித்தனிப் பகுதிகள் உண்டு. ஒன்று, உங்கள் காருக்கு ஆகும் சேதம். இரண்டாவது, உங்கள் காரால் மற்றவர்களுக்கு ஏற்படும் காயம், இறப்பு, பொருள் சேதம். இதைத்தான் தேர்ட் பார்ட்டி என்கிறோம், சட்டப்படி எல்லா வண்டிக்கும் கட்டாயம். மூன்றாவது, உரிமையாளரே ஓட்டும்போது அவருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு. இந்த மூன்றில் எதுவும் 'ஓட்டியவரின் மருத்துவ பில்லைக் கட்டுவது' என்ற வேலைக்காக உருவானது கிடையாது. உங்கள் சித்தப்பா அமெரிக்காவில் கார் இன்சூரன்ஸ்தான் பில் கட்டியது என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அவர் சொன்னது அங்கே உண்மைதான். நியூயார்க் போன்ற சில மாநிலங்களில் யார் தவறு என்று பார்க்காமலே, காரில் இருந்தவர்களின் சிகிச்சைச் செலவுக்கு அந்த காரின் பாலிசியே பணம் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நியூயார்க்கில் ஒருவருக்கு 50,000 டாலர் வரை. நம் சட்டத்தில் அப்படி ஒரு பகுதி இல்லை. ஏஜென்ட் "வராது" என்று சொன்னதன் பின்னால் இருக்கிற பாதி உண்மை இதுதான்.

அப்பாவுக்கு உள்ள அந்தத் தனிநபர் விபத்துக் காப்பீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் மனிதர்கள் அதிகம் ஏமாற்றம் அடைகிறார்கள். 2018 கடைசியிலிருந்து இதன் தொகை 15 லட்சம் ரூபாய். பாலிசியில் எதற்கு எவ்வளவு என்று பட்டியல் போட்டிருக்கும் பக்கத்தை ஷெட்யூல் என்பார்கள். அதில் அந்த எண்ணைப் பார்த்ததும், பில் 4 லட்சம் என்றால் 4 லட்சம் வரும் என்று நினைத்துவிடுகிறார்கள். அது அப்படி வேலை செய்வதில்லை. இறப்பு, இரண்டு கை கால்களையோ இரண்டு கண் பார்வையையோ இழப்பது, நிரந்தரமாக முழு ஊனம் என்றால் முழுத் தொகை. ஒரு கை அல்லது கால், அல்லது ஒரு கண் பார்வை போனால் பாதி. முறிந்த எலும்பு கூடிவிடும் என்றால், எத்தனை லட்சம் செலவாகியிருந்தாலும் இதில் ஒரு ரூபாய் வராது. அப்பா பழையபடி நடப்பார் என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நல்ல செய்தி வந்தபோதே இந்தக் கணக்கை மனத்திலிருந்து எடுத்துவிடுங்கள். காரில் பயணிப்பவர்களுக்கு என்று தனியாக ஒரு சேர்ப்பு உண்டு. ஆளுக்கு 2 லட்சம் ரூபாய் வரை எடுக்கலாம். ஏஜென்ட் அதைப் போட்டிருக்கலாம், அதுவும் இதே மாதிரி அட்டவணைப்படிதான் தரும். சில நிறுவனங்கள் மருத்துவச் செலவுக்கோ தினசரி மருத்துவமனைப் படிக்கோ கூடுதல் பிரீமியத்தில் ஒரு சேர்ப்பை விற்கின்றன. இருந்தால் ஷெட்யூலில் தனி வரியாக, தனி பிரீமியத்தோடு அச்சாகியிருக்கும். அந்த வரி இல்லையென்றால் அது உங்களிடம் இல்லை, ஏஜென்ட் வாய்வார்த்தையாக என்ன சொல்லியிருந்தாலும்.

அப்படியானால் மருத்துவச் செலவு எங்கிருந்து வரும்? மோதிய லாரியின் தேர்ட் பார்ட்டி பாலிசியிலிருந்து. இதை ஏஜென்ட் உங்களிடம் சொல்லவில்லை, ஏனென்றால் அது அவர் விற்ற பாலிசி இல்லை. லாரி டிரைவரின் கவனக்குறைவால் காயம் என்றால், மோட்டார் விபத்துக் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டு, லாரியின் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து இழப்பீடு வாங்கலாம். காயத்துக்கும் இறப்புக்கும் இதில் உச்சவரம்பு கிடையாது. சென்னையில் இந்தத் தீர்ப்பாயமாக இயங்குவது உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சிறு வழக்குகள் நீதிமன்றம். விபத்து நடந்த இடத்தில் மட்டுமல்ல, நீங்கள் குடியிருக்கும் இடத்திலும் மனுப் போடலாம் என்று சட்டம் சொல்கிறது. மருத்துவ பில்லோடு நிற்காமல், வேலைக்குப் போகாத நாட்களின் வருமானம், உடன் இருந்து பார்த்துக்கொண்டவருக்கான செலவு, போக்குவரத்து, சத்துணவு, வலிக்கும் வேதனைக்கும் ஒரு தொகை, இனிமேல் ஆகப்போகும் சிகிச்சைச் செலவு என்று பல தலைப்புகளில் கேட்கலாம். மனு நாளிலிருந்து வட்டியும் சேரும், இங்கே பெரும்பாலும் 7.5 சதவீதம் கொடுக்கிறார்கள். வாசலில் நின்றவர் சொன்னதில் இருக்கிற பாதி உண்மை இது. அவர் சொல்லாமல் விட்டது, இது முடிய ஒன்றிரண்டு வருடம் ஆவது சாதாரணம் என்பதும், மருத்துவமனைக்கு நேராக யாரும் பணம் கட்ட மாட்டார்கள் என்பதும். நீங்கள் கட்டியதைப் பின்னால் திரும்பப் பெறுகிற வழி இது.

இங்கே அப்பாவையும் அம்மாவையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அம்மாவின் நிலை வலுவானது. அவர் ஓட்டவில்லை, அவர் மீது எந்தத் தவறும் சுமத்த முடியாது. லாரி மீது பாதி, கார் மீது பாதி தவறு என்று நாளைக்கு முடிவானாலும் அம்மாவின் தொகை குறையாது. இரண்டு வண்டிகள் சேர்ந்து ஒருவருக்குக் காயம் உண்டாக்கினால், முழுத் தொகையையும் இரண்டில் எந்த ஒரு தரப்பிடமிருந்தும் வாங்கிக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால் அம்மாவின் மனுவில் லாரி உரிமையாளர், லாரியின் காப்பீட்டு நிறுவனம் இவர்களோடு, உங்கள் காரின் உரிமையாளரும் காரின் காப்பீட்டு நிறுவனமும் எதிர் மனுதாரர்களாகச் சேர்க்கப்படுவார்கள். காரின் உரிமையாளர் என்றால் அப்பா. "அம்மா அப்பா மேல் கேஸ் போடுவதா" என்று வீட்டில் மனவருத்தம் வரும். அந்த வருத்தத்தால் காரின் நிறுவனத்தைச் சேர்க்காமல் விட்டு, கடைசியில் தவறு கார் பக்கம் என்று முடிவாகி, அம்மாவுக்கு ஒன்றுமே கிடைக்காமல் போன குடும்பங்கள் உண்டு. அப்பா பெயர் அங்கே வருவது சட்டப்படி உரிமையாளர் என்பதற்காக. பாலிசி நிபந்தனைகள் சரியாக இருந்தால் பணம் நிறுவனத்திடமிருந்து வரும், அப்பா கையிலிருந்து போகாது. இதை அப்பாவிடம் முன்கூட்டியே, அமைதியாகச் சொல்லிவிடுங்கள்.

ஆனால் காரின் பாலிசியிலிருந்து அம்மாவுக்குக் கிடைப்பதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. அது பேக்கேஜ் பாலிசியாக, அதாவது காம்ப்ரிஹென்சிவ் பாலிசியாக இருக்க வேண்டும். பேக்கேஜ் பாலிசியில் தனியார் காரில் பயணிப்பவர்களும் அடங்குவார்கள் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2009 நவம்பரில் சுற்றறிக்கையே விட்டது, உச்ச நீதிமன்றமும் 2012-ல் அதை ஏற்றுக்கொண்டது. இது உறுதியான விஷயம். வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி என்றால் சொந்தக் காரில் வந்தவர்களுக்குப் பொறுப்பில்லை என்று நிறுவனங்கள் கடுமையாக வாதாடும், பழைய தீர்ப்புகள் அவர்கள் பக்கம் இருக்கின்றன. உங்கள் கார் இரண்டு வருடம் முன்பு புதிதாக வாங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் ஒன்று கவனியுங்கள். 2018 செப்டம்பரிலிருந்து புதுக் காருக்கு மூன்று வருட தேர்ட் பார்ட்டி கட்டாயம். ஷோரூமில் பெரும்பாலும் அதோடு ஒரு வருடச் சொந்தச் சேதப் பாதுகாப்பை மட்டும் சேர்த்துக் கொடுப்பார்கள். முதல் வருடம் முடிந்ததும் சொந்தச் சேதப் பகுதியைத் தனியாகப் புதுப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸ் இன்னும் இருக்கிறதே என்று விட்டுவிடுபவர்கள் ஏராளம், அப்போது மிஞ்சுவது வெறும் தேர்ட் பார்ட்டிதான். ஷெட்யூலில் இரண்டு தேதிகள் தனித்தனியாகப் போட்டிருக்கும். இன்று வீட்டுக்குப் போகிறவர் யாராவது அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

அப்பாவின் கதை வேறு. தன் காரின் தேர்ட் பார்ட்டி பகுதியில் அவர் எதுவும் கேட்க முடியாது, ஏனென்றால் தன் வண்டிக்குத் தானே மூன்றாம் நபர் ஆக முடியாது. லாரி நிறுவனத்திடம் கேட்கலாம், ஆனால் அவர் பக்கம் எவ்வளவு தவறு என்று தீர்ப்பாயம் முடிவு செய்கிறதோ அந்த அளவு குறையும். 30 சதவீதம் என்றால் 10 லட்சத்தில் 7 லட்சம்தான் வரும். முழுத் தவறும் அவருடையது என்று முடிவானால் எதுவும் கிடையாது. அப்போது அவரது மருத்துவச் செலவுக்கு அரசுத் திட்டமும் ஹெல்த் இன்சூரன்ஸும் மட்டுமே துணை. தவறு யாருடையது என்ற பேச்சே இல்லாமல் ஒரு வழி உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-வது பிரிவின்படி இறப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய். எலும்பு முறிவு சட்டத்தில் கொடுங்காயம்தான். ஆனால் லாரி நிறுவனம் இந்தத் தொகையைச் சமரசமாகத் தர முன்வந்து நீங்கள் வாங்கிக்கொண்டால், தவறை நிரூபித்துக் கேட்கும் 166-வது பிரிவு மனு அதோடு காலாவதி ஆகிவிடும். பில் 4 லட்சம், வேலை நான்கு மாதம் போகும் என்கிற நிலையில் 2.5 லட்சத்துக்கு அவசரமாகக் கையெழுத்துப் போடுவது இழப்பு. அதே சமயம், சாட்சி எதுவும் இல்லை, போலீஸ் ஃபைல் முழுக்க அப்பாவுக்கு எதிராக இருக்கிறது என்றால் அதுவே நல்ல தொகை. எது என்பதை முதல் தகவல் அறிக்கையைப் பார்க்காமல் நான் சொல்ல முடியாது.

அதனால் அடுத்த வேலை, போலீஸ். புகாரை நீங்களே எழுத்தில் கொடுங்கள், லாரிக்காரர் கொடுக்கும் வரை காத்திருக்காதீர்கள். சென்னையில் இந்த வழக்குகளைப் போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவுதான் எடுக்கும். முதலில் வருகிற கதைதான் பெரும்பாலும் கடைசிவரை ஃபைலில் நிற்கும். அந்தச் சாலையில் பெட்ரோல் பங்க், கன்டெய்னர் யார்டு, கடைகளின் கேமராக்கள் இருக்கும். பல இடங்களில் சில நாட்களிலேயே பழைய பதிவு அழிந்து புதியது ஏறிவிடும். யாராவது ஒரு நண்பரை இன்றே அனுப்பி, எந்தெந்தக் கேமரா சாலையைப் பார்க்கிறது என்று குறித்துவரச் சொல்லி, அந்தப் பட்டியலைப் புகாரிலேயே சேர்த்துவிடுங்கள். டிரெய்லர் என்பதால் இன்னொன்று: முன்னால் இழுக்கும் வண்டியிலும் பின்னால் உள்ள டிரெய்லரிலும் வேறு வேறு எண் இருந்தால் இரண்டையும் எழுதுங்கள். எம்-பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டால் இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை என்று தெரியும். விசாரணை அதிகாரி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாளுக்குள் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று 2022 விதிகள் சொல்கின்றன. நடைமுறையில் தாமதம் ஆகும். அதற்காக நீங்கள் கேட்பதை நிறுத்தக் கூடாது.

லாரி டிரைவரிடம் சரியான லைசென்ஸ் இல்லை, குடித்திருந்தார் என்று தெரிந்தால் பணம் வராதோ என்று பயப்பட வேண்டாம். அப்படிப்பட்ட வழக்குகளில் நிறுவனம் முதலில் உங்களுக்குக் கொடுத்துவிட்டு, லாரி உரிமையாளரிடம் வசூல் செய்துகொள்ளும்படிதான் தீர்ப்பாயங்கள் வழக்கமாக உத்தரவிடும். லாரிக்கு இன்சூரன்ஸே இல்லை என்றால்தான் சிக்கல், உரிமையாளரின் சொத்தைத் துரத்த வேண்டியிருக்கும். அப்பாவின் லைசென்ஸ் தேதியையும் ஒருமுறை பாருங்கள். அது முடிந்திருந்தால் அந்த 15 லட்சக் காப்பீடும் கார் சேதமும் அடிபடும். (இதைப் படிக்கிற வேறு யாருக்காவது, மோதிவிட்டு ஓடிய வண்டி எது என்றே தெரியாத நிலை என்றால், அதற்கு அரசு நிதியிலிருந்து இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் உண்டு. வருவாய்த் துறை வழியாக விண்ணப்பிக்க வேண்டும்.)

காகிதங்களைப் பற்றி நான் அதிகம் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் மேஜையில் தொகை குறைந்த ஃபைல்களில் பெரும்பாலானவை சட்டத்தால் குறையவில்லை, காகிதம் இல்லாததால்தான் குறைந்தன. மருத்துவமனையில் சேர்த்தபோது எழுதிய விபத்துப் பதிவேட்டின் நகல், ஏ.ஆர். காப்பி என்பார்கள், அதை வாங்குங்கள். அதில் 'தானாகக் கீழே விழுந்தார்' என்றோ, வண்டி வகை தவறாகவோ எழுதியிருந்தால் உடனே டாக்டரிடம் சொல்லித் திருத்தச் சொல்லுங்கள். எதிர்த் தரப்பு முதலில் தேடுவது அந்த வரியைத்தான். மருந்துக் கடை பில் மட்டும் போதாது, அதற்கான மருந்துச் சீட்டும் கூடவே இருக்க வேண்டும். ஆம்புலன்ஸ் ரசீது, பிசியோதெரபி ரசீது, வாக்கர் வாங்கிய பில், செக்கப்புக்குப் போய்வந்த கார் வாடகை எல்லாம் தேதி வாரியாக ஒரு கவரில். அப்பாவின் தொடையில் ராடோ பிளேட்டோ வைத்தால், அதைப் பின்னால் எடுக்க எவ்வளவு ஆகும் என்று டிஸ்சார்ஜ் சமயத்திலேயே டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். எதிர்காலச் சிகிச்சைச் செலவு என்று கேட்க அந்த ஒரு தாள் போதும்.

ஹெல்த் இன்சூரன்ஸ் மூலம் கட்டினால் அசல் பில்கள் அவர்களிடம் போய்விடும். மருத்துவமனையிடமிருந்து சான்றிட்ட நகல்களும், எவ்வளவு அனுமதித்தார்கள், எவ்வளவு வெட்டினார்கள் என்ற கடிதமும் வாங்கி வையுங்கள். அவர்கள் வெட்டிய கையுறை, பஞ்சு, இதரப் பொருட்களின் தொகையும் நீங்கள் கையிலிருந்து கட்டியதும் தீர்ப்பாயத்தில் கேட்கலாம், அதில் சந்தேகமில்லை. ஹெல்த் இன்சூரன்ஸ் ஏற்கெனவே கட்டிவிட்ட தொகையை மறுபடி லாரி நிறுவனத்திடம் கேட்கலாமா என்பதுதான் சந்தேகமான இடம். ஒரே செலவுக்கு இரண்டு முறை பணமா என்று கழித்த தீர்ப்புகளும் உண்டு, பிரீமியம் கட்டி வாங்கிய பலனை லாரிக்காரருக்கு ஏன் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று கழிக்க மறுத்த தீர்ப்புகளும் உண்டு. மும்பை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2025-ல் கழிக்கக் கூடாது என்றது. அது சென்னையைக் கட்டுப்படுத்தாது. மோசமாகப் போனால்கூட, மருத்துவ பில் என்ற ஒரு தலைப்பு மட்டும் குறையும், மற்ற தலைப்புகள் அப்படியே இருக்கும். அதற்குப் பயந்து இன்று வட்டிக்கு வாங்குவதில் எந்தக் கணக்கும் தேறாது.

நம் பக்கத்தில் புத்தூர் கட்டுக்குப் போகும் வழக்கம் அதிகம், பாட்டி அதைத்தான் சொல்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். சிகிச்சை எது என்பது டாக்டரும் நீங்களும் முடிவு செய்ய வேண்டியது, நான் அதில் தலையிட முடியாது. ஆனால் இடையில் டிஸ்சார்ஜ் வாங்கிக்கொண்டு கட்டுக்குப் போனவர்களின் வழக்குகளில், எலும்பு எப்படிக் கூடியது, ஊனம் எவ்வளவு என்று காட்ட எக்ஸ்ரேயும் மருத்துவக் குறிப்பும் இல்லாமல் தொகை பெரிதும் குறைந்ததைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

ஊனச் சான்றிதழுக்கு இப்போது அவசரம் இல்லை. எலும்பு கூடிய பிறகு அரசு மருத்துவமனையின் மருத்துவக் குழு பார்த்துச் சதவீதம் சொல்லும். அந்தச் சதவீதத்தை அப்படியே வருமானத்தோடு பெருக்கிவிட மாட்டார்கள். அந்த ஊனம் அவர் செய்யும் தொழிலை எவ்வளவு பாதிக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது 2010-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த முறை. அப்பா காசிமேட்டில் ஐஸ் வியாபாரம் செய்கிறார், விடியற்காலையில் ஐஸ் பாரைத் தூக்கி இறக்குகிறவர் என்று சொன்னீர்கள். மேஜையில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு 15 சதவீத ஊனம் பெரிதாகத் தெரியாமல் இருக்கலாம், குத்துக்காலிட்டு உட்கார முடியாத ஐஸ் வியாபாரிக்கு அது தொழிலையே மாற்றிவிடும். அதனால் வியாபாரத்தின் பேங்க் ஸ்டேட்மென்ட், ஐஸ் ஃபேக்டரி பில்கள், வருமான வரிக் கணக்கு இருந்தால் அது, எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். வருமானத்துக்குக் காகிதம் இல்லையென்றால் தீர்ப்பாயம் தானாக ஒரு தொகையை வைத்துக்கொள்ளும், அது உண்மை வருமானத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

கடைசியாக அந்த வாசல் ஆள். வெற்று வக்காலத்திலோ, எழுதாத பத்திரத்திலோ கையெழுத்துப் போடாதீர்கள், அப்பாவின் ஆதார் நகலையும் கொடுக்காதீர்கள். வரும் தொகையில் இத்தனை சதவீதம் என்று ஃபீஸ் பேசுவது வழக்கறிஞர்களுக்கு பார் கவுன்சில் விதிப்படி தடை செய்யப்பட்டது. அதைச் சொல்லிக்கொண்டு வருபவர் பெரும்பாலும் வழக்கறிஞரே அல்ல, இடைத்தரகர். மனுவுக்கு ஆறு மாதக் கெடு என்று திருத்தப்பட்ட சட்டம் சொல்கிறது. அந்தக் கெடு செல்லுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது என்றாலும், நீங்கள் அந்த ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். இந்த வாரமே ஆள் தேட வேண்டிய அவசரம் இல்லை. அம்மாவுக்கு மட்டும் ஒரு கூடுதல் வழி உண்டு. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி தர வேண்டும் என்று 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் சொல்கிறது. உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் கேட்டால் வழக்கறிஞரை நியமிப்பார்கள். போகும்போது முதல் தகவல் அறிக்கை, ஏ.ஆர். காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, கார் பாலிசியின் ஷெட்யூல், அம்மாவின் ஆதார், இந்த ஐந்தையும் நகலோடு எடுத்துப்போங்கள். ஷெட்யூலில் எந்த வரியாவது புரியவில்லை என்றால் பாலிசி எண்ணையும் வண்டி எண்ணையும் மறைத்துவிட்டு இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.